நத்தைகளுக்காக வாதாடுகிறவள்

நிலத்து நத்தைகளை ஆராய்கிறவர்களிடம் கொழும்பில் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள்: சாப்பிடலாமா, உப்புப் போட்டால் சாகுமா? வீட்டிலேயே விளங்கப்படுத்த முடியாத வேலை பார்க்கிற சகபாடிகளே, இது உங்களுக்காக.

பெண் பார்க்க வந்தவர்கள்

தெஹிவளையில் இருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வெள்ளவத்தைக்கு வந்தது. விலங்கியல் என்றதும் மாப்பிள்ளையின் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யானையோ, சிறுத்தையோ?"

"நத்தை, அன்ரி."

அம்மா கண்ணைக் காட்டினார், நான் நிறுத்தவில்லை. இந்தத் தீவின் நத்தை இனங்களில் பெரும்பங்கு உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று தொடங்கி, தேத்தண்ணி ஆறும்வரை கதைத்தேன். அவர் என் கையைப் பிடித்து, உண்மையான இரக்கத்தோடு கேட்டார்: "ஏன் பிள்ளை, வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ?"

பலாமரத்தடியில்

மழை தொடங்கியதும் எங்கள் தொடர்மாடிக் குடியிருப்பின் தோட்டம் முழுக்க ஆபிரிக்க நத்தை. குடியிருப்போர் சங்கத் தலைவர் செல்வராசா அங்கிள் உப்பு மூட்டையோடு இறங்கினார். பலாமரத்தில் ஏறியிருந்த எங்கள் நாட்டு நத்தைகளையும் சேர்த்து முடிப்பதுதான் திட்டம். குடையோடு போய் மரத்துக்கு முன்னால் நின்றேன்.

"தள்ளும் பிள்ளை. நத்தை எண்டால் நத்தைதானே?"

"இல்லை அங்கிள்." இரண்டையும் எடுத்துக் காட்டினேன். ஆபிரிக்கக்காரன் கூம்பு போல நீளம். மற்றது தட்டையான சுருள். ஓட்டின் வாய்விளிம்பு உதட்டுச்சாயம் பூசினதுபோலச் சிவப்பு. "இது மரத்துப் பாசியைத்தான் தின்னும், உங்கட ரோசாவைத் தொடாது. இலங்கையும் மடகஸ்காரும் ஒரே நிலமா ஒட்டியிருந்த காலத்துப் பரம்பரை. சொந்தக்காரர் இப்பவும் அங்க இருக்கினம்."

கடைசியில் உடன்பாடு: உப்பு இல்லை, ஆபிரிக்க நத்தைகளை நானே பொறுக்கி அழிக்க வேண்டும். அந்த மழைக்காலம் முழுக்கக் கையுறையோடு குனிந்தே திரிந்தேன். அங்கிள் பல்கனியில் இருந்து குரல் கொடுப்பார்: "இங்கயும் சொந்தம், கடல் கடந்தும் சொந்தம்! அசல் யாழ்ப்பாணக் குடும்பம்தான்."

இரண்டு மலைகள்

என்னோடு வேலை செய்கிற ஜெசிந்தா, கொழும்பின் மறுகோடியில் இருக்கிற கொட்டாஞ்சேனைக்காரி. இரத்தினபுரிப் பக்கம் அடுத்தடுத்த இரண்டு மலைகளில் நத்தை தேடினோம். நடுவில் ஓடுகிற ஆற்றை நத்தையால் தாண்ட முடியாது. காலங்காலமாக இரண்டு பக்கமும் கலக்காமல், ஒரு மலையில் ஓடு வழுவழுப்பாகவும் மற்றதில் வரிவரியாகவும் மாறிவிட்டது. உள்ளுறுப்பைப் பார்த்தால் இனமே வேறு.

ஒரு மலையைக் கல்குவாரிக்காரர் கல்லுடைக்கக் கேட்டிருந்தார்கள். அனுமதி கொடுப்பதா என்று பேசிய கூட்டத்தில் அதிகாரி நாங்கள் பரப்பிய ஓடுகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். எல்லாம் நத்தைதானே, ஒரு மலை மிஞ்சினால் போதாதா என்றார். ஜெசிந்தா எழுந்து, ஓடுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப அவர் முன்னால் வைத்தாள். பிறகு ஒரு கேள்வி கேட்டாள். கூட்டம் முடிவெடுக்காமலே கலைந்தது. மலை இன்னும் நிற்கிறது. அவள் சிங்களத்தில் கேட்டது தமிழில் இதுதான்: "சேர், வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் ஒரே கொழும்புதானே, ஒண்டை உடைச்சுச் சல்லிக்கல்லாக்குவமோ?"

இந்த வேலையில் பதவி உயர்வு ஊர்ந்துதான் வரும்; வரட்டும், நாங்களும் ஓடிப்போவதாக இல்லை.