வால்வு ஓட்டைக்குப் பக்கத்துக் கம்பி

சைக்கிள் சக்கரம் கட்டுவதில் முதல் கம்பிதான் எல்லாம். பின்சக்கரத்துக்கு நாற்பது கம்பி. மீதி முப்பத்தொன்பதும் முதல் கம்பி சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் போய் உட்காரும். எங்கள் கடையில் அந்த முதல் கம்பியைப் போடுவது என் மனைவி. சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பை மடியில் வைத்துக்கொள்வாள், ரிம்மில் வால்வு ஓட்டை எங்கே என்று பார்ப்பாள், அதற்குப் பக்கத்து ஓட்டையில் ஒரு கம்பியைக் கோத்து என்னிடம் நீட்டுவாள். அப்புறம் நான் மற்றதைக் கோத்து, கம்பி முனைகளில் நிப்பிள் திருக வேண்டியதுதான். நானே கோத்தால் நாலில் ஒன்று தப்பிவிடும். எனக்கு எதிலும் அவசரம். "பந்திக்கு முந்தற ஆளு" என்று சிரிப்பாள்.

அது யுத்த காலம். அதியமான்கோட்டையில் சேலம் ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தோம். சீமையிலிருந்து ரிம் வருவது நின்றுபோயிருந்தது. இருப்பதெல்லாம் பழசு. யார் வீட்டுப் பரணிலோ துருப்பிடித்துக் கிடந்தவை, மாட்டு வண்டி ஏறி நெளிந்தவை. அவற்றைக் கருங்கல்லின் மேல் வைத்துத் தட்டித் தட்டி வட்டமாக்குவேன். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மாட்டி, சாக்குக்கட்டியைப் பக்கத்தில் பிடித்துச் சுற்றினால், கோணிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்துக் கம்பியை இறுக்கி, எதிர்க் கம்பியைத் தளர்த்தி, பெண்டு எடுப்பேன். மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் ஒரு சக்கரத்துக்கு எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்போம். அந்த மத்தியானங்களைப் போல் சந்தோஷமாக நான் அப்புறம் இருந்ததில்லை.

அவளுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. எந்த ரிம் வந்தாலும் உட்பக்கத்தில் விரலை ஓட்டி ஒரு சுற்றுச் சுற்றுவாள். இரும்பை வளைத்து ஒட்டிய இடம் விரலில் இடறும். மட்டமான ரிம்மில் முள் குத்துகிற மாதிரி இடறும், நல்லதில் லேசாக. "என்ன, ரிம்முக்கு நலங்கு வெக்கறயா?" என்று கேலி செய்வேன். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

கடத்தூரில் இருந்த அவளுடைய அண்ணன் ஒருநாள் தன் பின்சக்கரத்தை எங்களிடம் அனுப்பியிருந்தார். அவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போகிறவர். பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்திருந்தன. ரிம்மைப் பார்த்தேன். யுத்தத்துக்கு முந்தின சீமைச் சரக்கு. கறுப்பு வார்னிஷ், ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. விரலை ஓட்டினால் ஒட்டே தெரியவில்லை. அன்றைக்கு அவள் களை வெட்டப் போயிருந்தாள்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லில் தட்டி நிமிர்த்திய கோணல் ரிம் ஒன்றுக்குக் கறுப்புச் சாயம் பூசி, மச்சானின் ஹப்பில் கட்டிக் கடத்தூருக்கு அனுப்பினேன். அவருடைய ரிம்மை என் சைக்கிளில் போட்டுக்கொண்டேன். தங்கக் கோடு தெரியாமலிருக்க அதன் மேலும் சாயம் பூசினேன். நம் வீட்டு ஆள்தானே, கேட்கவா போகிறார் என்று ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். வெளியாளிடம் இதைச் செய்யும் தைரியம் எனக்கு வந்திருக்காது. சொந்தக்காரனிடம்தான் அந்தத் தைரியம் வருகிறது.

ஒரு மாதம் போயிருக்கும். கடத்தூர்ப் பக்கமிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் கடை முன்னால் நின்றார்.

"ஏனுங்கம்மா, உங்கண்ணன் வெத்தலக் கூடையோட சைக்கிள்ல இருந்து உழுந்துட்டாருங்க. முட்டி பேந்துபோச்சு. நடக்க முடியலீங்க."

அவள் உள்ளே போய்த் துணி மூட்டையோடு வந்தாள். வெளியே தூணில் சாய்த்திருந்த என் சைக்கிள் பக்கத்தில் நின்றாள். என்ன நினைத்தாளோ, குனிந்து பின் ரிம்மில் விரலை வைத்து, கம்பிகளுக்கு நடுவே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். விரல் எங்கும் நிற்கவில்லை. எங்கள் கடையில் அப்படி ஒரு ரிம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் வூட்டுக்குப் போறனுங்க" என்றாள். அவ்வளவுதான். அந்த வண்டியிலேயே ஏறிப் போய்விட்டாள்.

நான் கத்துகிறவன். என்னிடம் யாராவது கத்தினால் பதிலுக்குக் கத்தி விஷயத்தை முடித்துவிடுவேன். பேசாமல் போகிறவளை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நாள் ஆயிற்று. ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கேட்டவர்களிடம் அண்ணனைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்றேன். மனசுக்குள் வேறு ஓடியது. அண்ணனிடம் சொல்லியிருப்பாள், இனி வர மாட்டாள். மடி இல்லாத கடையில் ஹப்பை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடத்தூருக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் மச்சான் கேட்கப்போகிற கேள்விகளுக்குப் பதில் தயார் செய்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

மச்சான் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் முழங்காலில் பச்சிலைக் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்க மாப்ள, வாங்க! அவள இங்க புடிச்சு வெச்சிருக்கறன்னு கோவமுங்களா? கால் கொஞ்சம் தேறுனா அனுப்பிடறனுங்க."

அவள் சொல்லவில்லை. எட்டு நாளாக அதே வீட்டில் இருந்துகொண்டு, அண்ணனுடைய காலுக்குப் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வந்தது வெட்கம் அல்ல, நிம்மதி. அதை நினைத்தால்தான் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. தெரியாத விஷயத்தைத் தெரியாமலே முடித்துவிடலாம் என்று அந்த நிமிஷமே திட்டம் போட்டேன். இரண்டு வண்டியும் வேறு வேறு ரகம், அச்சு பொருந்தாது. அதனால் சக்கரத்தோடு மாற்ற முடியாது. ரிம்மைத்தான் மாற்ற வேண்டும்.

"உழுந்ததுல உங்க ரிம்மு கோணிக்கிச்சுங்க மச்சான். என்னோடத கழட்டி உங்களுக்குக் கட்டித் தந்துடறனுங்க" என்றேன்.

மச்சான் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "பாருங்க, மாப்ள தன்னோட ரிம்மையே கழட்டித் தராரு!" திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? குனிந்துகொண்டு கம்பிகளை அவிழ்த்தேன். அடுப்பங்கரையில் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

அவசர அவசரமாக நாற்பது கம்பியையும் கோத்துப் பெண்டு எடுத்தேன். சக்கரம் சுற்றியது பாருங்கள், ஒரு மயிரிழை ஆடவில்லை. டியூபும் டயரும் ஏற்றிப் பம்பை எடுத்தேன். பம்பின் வாய் வால்வில் ஏறவில்லை. முதல் கம்பியை ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருக்கிறேன். வால்வுக்கு நேர் மேலே இரண்டு கம்பிகள் குறுக்கே போகின்றன. எவ்வளவு நல்ல சக்கரமாக இருந்தாலும் காற்று அடிக்க வழி இல்லை. நாற்பதையும் அவிழ்த்துத் திரும்பக் கோக்க வேண்டும். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

நான் வியர்த்து வழிவதை மச்சான் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டிலிலிருந்து ஒற்றைக் காலில் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வேண்டாம் உடுங்க மாப்ள. அந்தப் பழசையே மாட்டுங்க, எனக்கு அது போதும். கடை வெச்சிருக்கற ஆளு, நல்ல ரிம்ம எனக்குக் குடுத்துட்டு நீங்க கோணல்ல போறதா? நான் ஓட்டத் தெரியாம ஓட்டி உழுந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இது உங்க ரிம்மு மச்சான்" என்றேன். "நான்தான் எடுத்துக்கிட்டேன். உங்களுக்குக் கோணல குடுத்தேன்." பக்கத்து வீட்டுக்காரரும் நின்றுகொண்டிருந்தார்.

மச்சான் ரிம்மைப் பார்த்தார். நான் பூசிய சாயத்தை நகத்தால் சுரண்டினார். தங்கக் கோடு தெரிந்தது.

"நான் இத்தன நாளா ரோட்டுக் குழிய திட்டிக்கிட்டு இருந்தனுங்க" என்றார்.

எழுந்து கட்டிலுக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் அடித்திருந்தால் தேவலை. நான் அழுதேன். முப்பது வயது ஆள், முற்றத்தில் உட்கார்ந்து, கையில் கிரீஸோடு.

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள். எதிரே உட்கார்ந்து கம்பிகளை அவிழ்த்தாள். ஹப்பை மடியில் வைத்துக்கொண்டாள். வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைக் கோத்து என்னிடம் நீட்டினாள். நான் நிப்பிளைத் திருகினேன். அப்புறம் என் ஹப்பில் அந்தக் கோணலையும் கட்டி முடித்தோம். மச்சான் எங்கள் பக்கம் திரும்பாமலே, "சாப்புட்டுட்டுப் போங்க" என்றார். சாப்பிட்டோம்.

துணி மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் என்னோடு வெளியே வந்தாள். கோணல் ரிம்மில் இரண்டு பேர் போக முடியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். ஊர் எல்லை தாண்டியதும் கேட்டேன்.

"உங்கண்ணன்கிட்ட ஏன் சொல்லல?"

"நான் எதுக்குங்க சொல்லோணும்? பண்ணது நீங்க" என்றாள். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தாள். "மாட்டிட்டுப் பேசாம கெளம்பியிருந்தீங்கன்னா, நான் வந்திருக்க மாட்டனுங்க. கதவுக்குப் பின்னால நின்னு அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்."

அதற்கப்புறம் நாற்பது வருஷம் அவள் என்னோடு வாழ்ந்தாள். அன்றைக்கு அந்த முதல் கம்பி மட்டும் சரியான ஓட்டையில் விழுந்திருந்தால், நான் வாயைத் திறக்காமல் காற்றை அடித்துக் கொடுத்துவிட்டு, தனியாக வீடு திரும்பியிருப்பேன்.