ஏழு மாதமாகக் கோட்டை கட்டியவர்

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. பால் பொங்கும் வரை அடுப்பின் முன் நிற்க மாட்டாமல் தீயைக் கூட்டி, பாதியை அடுப்புக்கே வார்த்துவிட்டு அம்மாவிடம் திட்டு வாங்குகிறவள் நான். அப்படிப்பட்டவள், உலகத்திலேயே மெதுவான கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் ஏழு மாதம் மாட்டிக்கொண்டேன். இரண்டாயிரத்தில் தொடங்கி இரண்டாயிரத்து ஒன்று வரை, விழுப்புரத்தில்.

விளையாட்டு இதுதான். ஆளுக்கொரு கோட்டை. மந்திரவாதி, குதிரை வீரன், பறக்கிற நாகம் எல்லாம் உண்டு. ஒருவர் ஆடி முடித்தால்தான் அடுத்தவர் ஆட முடியும். இருவரும் ஒரு முறை ஆடினால் அந்த நாட்டில் ஒரு நாள் கழியும். ஏழு நாள் கழிந்தால்தான் கோட்டையில் புதுப் படை சேரும். அதுவரை மரம் வெட்டலாம், கல் உடைக்கலாம், சுவர் கட்டலாம். நம் ஆட்கள் போய்ப் பார்த்த இடம் மட்டும்தான் வரைபடத்தில் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. எதிராளி அந்தக் கறுப்புக்குள் என்ன செய்கிறான் என்று சாமிக்குத்தான் வெளிச்சம்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு 'சார்'. நாங்கள் இருவரும் ஒரே கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் வாத்தியார்கள். ஆரம்பத்தில் மூன்று வாரம் விழுப்புரத்தில் எங்களுக்குச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவர் இந்த விளையாட்டைத் திறந்து, தயிர்சாதத்தை ஒரு கையால் பிசைந்தபடி இன்னொரு கையால் ஒரு குதிரைக்காரனை இரண்டடி நகர்த்துவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு யோசிப்பார். "சீக்கிரம் ஆடுங்க சார், பெல் அடிச்சிடும்" என்பேன். "இருங்க மேடம், ஓடியா போவுது" என்பார். பயிற்சி முடிந்ததும் என்னை விழுப்புரத்திலும் அவரைத் திண்டிவனம் கிளையிலும் போட்டார்கள். ஆட்டம் பாதியில் நின்றது.

அதை ஃபிளாப்பியில் போட்டு அனுப்பலாம் என்று சொன்னது நான்தான். ஆட்டத்தின் மேல் அவ்வளவு ஆசையா என்று யாராவது கேட்டிருந்தால், ஆமாம் என்று கூசாமல் பொய் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஆபீஸ் அக்கா ஒருவர் இருந்தார். வீடு விழுப்புரம், வேலை திண்டிவனம் கிளையில். தினம் காலையில் பாசஞ்சர் ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில்தான் எங்கள் வீடு. காலையில் என் ஃபிளாப்பி அவருடைய டிபன் பையில் ஏறும். சாயங்காலம் சாருடைய ஆட்டம் முடிந்து அதே பையில் வந்து இறங்கும். ஒருமுறை மோர்க்குழம்பு கொட்டி, ஃபிளாப்பியை நான் தாவணித் துணியால் துடைத்துத் துடைத்துக் காப்பாற்றினேன். ஃபிளாப்பியின் மேலே ஒரு லேபிள். அதில் 'உங்க டர்ன்' என்று எழுதி அனுப்ப வேண்டும். ஏழு மாதத்தில் நாங்கள் எழுதிக்கொண்டது அது ஒன்றுதான்.

"ஏம்மா மேடம், இதுல என்னாதான் இருக்குது?" என்று அக்கா ஒருநாள் கேட்டார்.

"விளையாட்டுக்கா. அவரு ஒரு தடவ ஆடுவாரு, நான் ஒரு தடவ ஆடுவேன்."

"நானும் ஆறேழு மாசமா தூக்கினு அலையறேன், இன்னும் முடியலயா? இதுக்கு ரெண்டு பேரும் எங்கூடவே ரயில்ல வந்து எதிர் எதிர்ல குந்தி ஆடினா ஒரு வாரத்துல முடிஞ்சிருக்கும். பேஜாரு புடிச்ச ஆட்டம்."

அந்த விளையாட்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல துப்பாக்கியே வராதா?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்கள். என் கருத்து, இதைக் கண்டுபிடித்தவனுக்கு வேறு வேலை இல்லை என்பது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் அக்காவின் செருப்புச் சத்தத்தைத் தேடிக் காது போய்விடும்.

கருத்துச் சொல்வதில் பெரிய ஆள் என் அப்பாதான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஜெபமாலை முடிந்ததும் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்வேன். அப்பா பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். முதல் மாதமே விளையாட்டின் சட்டதிட்டம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

"அந்தத் தம்பி இன்னிக்கு என்னா பண்ணாரு?"

"தெரியாதுப்பா. அவரு இடம் கறுப்பா இருக்குது இல்ல? கோட்டை கட்டிக்கினு இருப்பாரு."

"ஆறு நாள்ல ஆண்டவர் உலகத்தையே படைச்சுட்டு ஏழாம் நாள் ரெஸ்ட் எடுத்துட்டாரு. இந்தப் புள்ள ஏழு மாசமா ஒரு செவரு கட்டுது."

நான் பட்டுப் பட்டென்று அடித்து ஆடுகிறவள். வாரம் பிறந்தால் கிடைத்த படையை அன்றைக்கே கிளப்பிக்கொண்டு போய் ஏதாவது ஒரு பூதத்திடம் பறிகொடுத்துவிட்டு வருவேன். அவர் ஒருநாளும் என் எல்லையைத் தாண்டி நான் பார்த்ததில்லை. ஆட்டத்தில்தான் அப்படி என்றால் நேரிலும் அதே கதை. அவருக்குச் சொந்த ஊர் காணைப் பக்கம், மல்லாட்டையும் (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பேர்) கரும்பும் போடுகிற குடும்பம். சனிக்கிழமை தோறும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வந்து இறங்கி, பஸ் மாறித்தான் ஊருக்குப் போக வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெரு பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷத்தை அவர் நடக்கவே இல்லை. அவர்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுகிறவர்கள், நாங்கள் மாதா கோவிலுக்கு முக்காடு போட்டுப் போகிற வேதக்காரர்கள். அவருக்கு அது தயக்கம் என்று புரிந்துகொள்கிற அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது. பொறுத்துக்கொள்கிற அளவுக்கு இல்லை.

இதற்கு நடுவில்தான் கண்டமங்கலத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்குப் புதுச்சேரியில் நல்ல வேலை. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தவக்காலம் தொடங்கிவிட்டதால் நல்ல காரியம் எதுவும் பேசக்கூடாது, ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். பையனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் பெரிய ஆபத்தாக இருந்தது.

இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள் லேபிளில் 'உங்க டர்ன்' என்பதற்குக் கீழே பொடி எழுத்தில் எழுதினேன்: 'ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வர்றாங்க.' அன்று முழுக்க வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் ஃபிளாப்பி வந்தது. புது லேபிள் ஒட்டியிருந்தார். அழகான கையெழுத்து. 'நல்ல விஷயம். உங்க டர்ன்.'

எனக்கு வந்ததே கோபம்! நல்ல விஷயமாம். வாழ்த்து மடல் ஒன்றும் வைத்து அனுப்ப வேண்டியதுதானே? அன்றோடு ஆட்டத்தை முடித்துவிடுவது, இருக்கிற படையை எல்லாம் கொண்டுபோய் அவர் சுவரிலேயே முட்டி ஒழித்துவிடுவது என்று ஃபிளாப்பியைச் செருகினேன். நல்லவேளையாக அப்பா அப்போது காய்கறி வாங்கப் போயிருந்தார்.

திறந்ததும் ஒன்றும் புரியவில்லை. கொடியின் நிறம் மாறியிருந்தது. சிவப்பு என்னுடையது, இது நீலம். பிறகுதான் விளங்கிற்று. தன் ஆட்டத்தை முடிக்கிற பொத்தானை அழுத்தாமலேயே பதிவு செய்து அனுப்பிவிட்டார். லேபிளில் என் டர்ன் என்று எழுதியிருந்தார், உள்ளே இருந்தது அவருடைய டர்ன். ஏழு மாதத்தில் ஒரு தப்பு செய்யாதவர், என் பொடி எழுத்தைப் படித்த அன்றைக்கு அந்த ஒரு பொத்தானை மறந்திருக்கிறார்.

மூடியிருக்க வேண்டும். அடுத்தவர் கறுப்புக்குள் பார்ப்பது அந்த ஆட்டத்தில் மகா பாவம். நான் பார்த்தேன். அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இன்றுவரை சொல்லவும் இல்லை.

அவருடைய கோட்டையில் கட்டுவதற்கு ஒன்றுமே பாக்கி இல்லை. எல்லாம் எப்போதோ முடிந்திருந்தது. படையைத் தேடினேன். கோட்டையில் அது இல்லை. என் கோட்டைக்கு இரண்டு நாள் நடையில், மலைக்குப் பின்னால், வரிசையாக நின்றது. நாகம் மட்டுமே இருபதுக்கு மேல். என்னிடம் இருந்தது மூன்று. என் கோட்டை, என் மர ஆலை, என் பாலம் எல்லாம் அவர் வரைபடத்தில் பளிச்சென்று தெரிந்தன, ஒரு கட்டம் கூடக் கறுப்பாக இல்லை. அவ்வளவு படை சேர எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குக் கணக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்பே அவர் என்னை அடித்து முடித்திருக்கலாம்.

இன்னொன்றும் பார்த்தேன். என் மேற்கு எல்லைப் பக்கம் பூதங்கள் வருவதே இல்லை, என் பேரைக் கேட்டாலே பயம் என்று அப்பாவிடம் நான் பீற்றிக்கொள்வது வழக்கம். அந்த மலையிடுக்கில் நீலக் கொடியோடு பத்து ஈட்டிக்காரர்கள் காவல் நின்றிருந்தார்கள்.

அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. ஜெயித்தால் மறுநாள் ஃபிளாப்பி வராது. அதற்காக ஒரு மனுஷர் படையைத் திரட்டி வாசலில் நிறுத்தி வைத்துக்கொண்டு, தினம் பொறுப்பாகச் சும்மா இருந்திருக்கிறார். சரி, இருக்கட்டும், ஆனால் கண்டமங்கலத்துக்காரர்கள் சும்மா இருக்க மாட்டார்களே!

அவருடைய டர்னை நானே ஆடினேன். நாகங்களைக் கிளப்பினேன். என் டர்னில் ஒன்றும் செய்யாமல் விட்டேன். மறுபடி அவர் டர்ன். இரண்டு நாள் நடந்து என் கோட்டை வாசலுக்கு வந்து, என்னை நானே அடித்தேன். சும்மா விட்டுக்கொடுக்கவில்லை, என் பக்கமும் முடிந்தவரை நன்றாகத்தான் சண்டை போட்டேன். கடைசியில் என் கோட்டை மேல் நீலக் கொடி ஏறியது. பதிவு செய்து ஃபிளாப்பியை உருவி ஜெபமாலை வைக்கிற டப்பாவில் போட்டேன்.

மறுநாள் அக்காவிடம் ஒரு துண்டுச் சீட்டுதான் கொடுத்தேன். 'ஆட்டம் முடிஞ்சிடுச்சு. நீங்க ஜெயிச்சிட்டீங்க. ஃபிளாப்பி என்கிட்ட இருக்குது. வேணும்னா வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க.'

அக்கா அதை என் எதிரிலேயே பிரித்துப் படித்தார். "அப்பாடி" என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. குருத்தோலை ஞாயிறு போயிற்று, பெரிய வெள்ளி போயிற்று, ஈஸ்டரும் போயிற்று. "அவரு பாட்டுக்கு வேலைக்கு வர்றாரு, போறாரு. முகந்தான் சரியில்ல" என்று அக்கா சொன்னதோடு சரி. நான் தப்பாகப் படித்துவிட்டேனோ, ஈட்டிக்காரர்கள் சும்மா வழிதவறி அங்கே நின்றார்களோ என்றெல்லாம் யோசித்தேன். அம்மா பெண் பார்க்கிற அன்றைக்குக் கட்ட மாம்பழக் கலர் பட்டுப்புடவையை எடுத்து வெயிலில் போட்டார். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கண்டமங்கலத்துக்காரர்கள் வருவதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை சாயங்காலம், வாசலில் செருப்புச் சத்தம். அக்காவுடையது இல்லை. கையில் ஒரு பை பச்சை மல்லாட்டையோடு அவர் நின்றிருந்தார்.

"யாருப்பா?" என்றார் அப்பா.

"ஃபிளாப்பி வாங்க வந்தேங்க."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, கோட்டை கட்ற தம்பியா! உள்ள வா, உள்ள வா."

நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன். முன்னறையில் மழை பெய்யாததைப் பற்றிப் பேசினார்கள். மல்லாட்டை விளைச்சலைப் பற்றிப் பேசினார்கள். பாசஞ்சர் ஏன் எப்போதும் லேட் என்று அப்பா அரை மணி நேரம் விளக்கினார். பிறகு அப்பா உள்ளே வந்தார்.

"ஏம்மா, சிக்னல் போட்டு எவ்ளோ நேரமாச்சு, வண்டி பிளாட்பாரத்துலயே நிக்குது. நீ வந்து ஏதாவது சொல்றியா?"

"மாட்டேன்பா. என் டர்ன் முடிஞ்சிடுச்சு."

சொல்லிவிட்டேனே ஒழிய, கதவிடுக்கு வழியாக முன்னறையை எட்டிப் பார்த்தேன். அந்த மனுஷர் மல்லாட்டையை வைத்துவிட்டு ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டால், நாளைக்கு நான் அந்தப் புடவையைக் கட்ட வேண்டும். அப்பா என் முகத்தைப் பார்த்தார். முன்னறைக்குத் திரும்பிப் போனார். அவர் நாற்காலியில் உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"ஐயா" என்று அந்தக் குரல் ஆரம்பித்தது. "மூணு வாரமா எங்கம்மாகிட்ட பேசிக்கினு இருந்தேங்க. மொதல்ல சாப்பாடே போடல. அப்புறம் அழுதாங்க. இன்னிக்குத்தான் சரின்னாங்க. அவங்க சொல்லாம இங்க வந்து நிக்கக் கூடாதுன்னு இருந்தேன். உங்க பொண்ண எனக்குக் குடுப்பீங்களா?"

மூன்று வாரம். நான் ஃபிளாப்பியை டப்பாவில் பூட்டி வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டிருந்த மூன்று வாரமும் அவர் காணையில் சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது கறுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

 அப்பா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, நாளைக்கு வர வேணாம்னு கண்டமங்கலத்துக்கு நான் சொல்லிக்கிறேன். நீ அந்த ஃபிளாப்பிய எடுத்துக்கினு வா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அப்பா அங்கேயே இருப்பதையும் மறந்து, ரொம்ப நாளாக மனதில் கிடந்த சந்தேகத்தைக் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"கடைசியில யாருங்க அடிச்சது?"

"நீங்கதான்."

"அப்படியா?" என்றார். "நான் அடுத்த வாரம் அடிக்கலாம்னுதாங்க இருந்தேன்."