லிஃப்ட் பரிசோதகர் வாங்கிய ரொட்டேட்டர்

எங்கள் குடியிருப்பின் கடைசி மாடிக்காரர் லிஃப்ட் பரிசோதகர். எதுவும் எப்போதும் அறுந்து விழலாம் என்று நம்புவதற்குச் சம்பளம் வாங்குபவர்; வீட்டில் அதையே இலவசமாகச் செய்பவர். பொழுதுபோக்கு, ஆன்டெனா வைத்து வானொலி அலைகளில் பேசிக் கேட்கும் ஹாம் ரேடியோ.

தூரதேசத்தில் படிக்கும் மகள், கல்லூரித் தோழர்களோடு ஒரு குட்டிச் செயற்கைக்கோள் செய்து மேலே அனுப்பியிருந்தாள். பேட்டரி அவள் பொறுப்பு. கல்லூரிக்கு மேலே அது வெயிலில் பறக்கிறது. பூமியின் நிழலுக்குள் போவது நம் ஊருக்கு மேலே வரும்போதுதான். "அப்பா, இருட்டுல வோல்டேஜ் ஏழுக்குக் கீழ போனா செத்துடும். நீங்கதான் அதோட சிக்னலைக் கேட்டுச் சொல்லணும்" என்றாள்.

பறக்கும் கோளின் பின்னாலேயே ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாருக்கு ரொட்டேட்டர் என்று பெயர். அதை வாங்கக் கிளம்பினார். ஒன்றில் பிரேக் போதாது என்றார். இன்னொன்றில் பல்சக்கரம் ஆடுகிறதாம். மூன்றாவது மலிவு, ஆகவே சந்தேகத்துக்குரியது.

"ஏறப்போறது நாலு கம்பி. எட்டு பேர் ஏறுற மாதிரி பாக்குறீங்க" என்றாள் மனைவி.

"காத்து ஏறும்ல?"

"ஏறட்டும். அதுவே இறங்கிடும்."

கடைசியில் ஒரு யானையை வாங்கினார். புயலே வந்தாலும் அசையாது. பழைய கோள் ஒன்றைத் துரத்திப் பார்த்தபோதுதான், புயல் வராவிட்டாலும் அது அவ்வளவாக அசையாது என்று தெரிந்தது. தலைக்கு நேர்மேலே உச்சியைக் கடந்து கோள் மறுபக்கம் பாய்ந்ததும், யானை நிதானமாக அரைவட்டம் திரும்பியது. திரும்பி முடிப்பதற்குள் கோள் அடிவானத்தில். பாரத்தைப் பார்த்த மனிதர் வேகத்தைப் பார்க்கவில்லை. மகளின் கோளோ மறுநாள் விடியுமுன் நேர் உச்சியில் வருகிறது.

வழி இருந்தது. திரும்பவே வேண்டாம், ஆன்டெனா உச்சியைத் தாண்டி அப்படியே பின்பக்கம் சாய்ந்து தொடரலாம். கம்ப்யூட்டரில் ஒரு டிக் போதும். ஆனால் செங்குத்தைத் தாண்டிச் சாயும் எதற்கும் அவர் இதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. மகள் போனில் கெஞ்சினாள். ராத்திரி காற்று எப்படியிருக்கும் என்று கேட்டார். மனைவி மவுஸை இழுத்தாள்.

"டிக் நான் அடிச்சிட்டேன். விழுந்தா என்மேல எழுதுங்க."

விடியுமுன், கம்ப்யூட்டர் முன்னால் மனைவி. மொட்டைமாடியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அவர். யானைக்குத் துணையாகவாம். ஆன்டெனா மெல்ல நிமிர்ந்தது, உச்சியில் ஒரு கணம் யோசித்தது, பிறகு மல்லாந்தது. பரிசோதகர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

படியில் செருப்புச் சத்தம். மனைவி கையில் போனோடு வந்தாள்.

"ஏழு புள்ளி நாலு. உங்க பொண்ணு அழறா."

அவர் கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"சந்தோஷத்துலங்க. கம்பத்தை விட்டுட்டுப் போனைப் பிடிங்க."

ஒரு கையை மட்டும் விட்டார்.