தோட்டாவில் தேடிய கோளாறு

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் நான் கம்பவுண்டராக இருந்தேன். மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக் கொடுக்கிற இந்தக் காலத்து வேலை இல்லை அது. பவுடரை நிறுத்துப் பொட்டலம் கட்ட வேண்டும், தண்ணீர் மருந்து கலக்க வேண்டும். என் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தேன், அதை வேறு யாரும் தொட விடமாட்டேன். என் நிறுவை கால் கிரெயின்கூட, அதாவது ஒரு கோதுமை மணி எடையில் கால்வாசிகூட, பிசகாது என்று டாக்டர் ஒருமுறை யாரிடமோ சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தை போதாதா? தலைக்கனத்தோடு திரிந்தேன்.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், தெம்பனிஸ் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அணில் சுடுகிற வேலையில் இருந்தார். கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அந்தக் காலத்துத் தோட்டங்களில் அது பெரிய வேலை. இளங்காயை ஓட்டை போட்டுக் குடித்துவிட்டுப் போகிற அணிலை விட்டுவைத்தால் பாதிக் காய் உதிர்ந்துவிடும். அணிலைச் சுடுவது பாவமில்லையா என்று என் மனைவி கேட்பாள். இந்த ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது, ராமர் தடவிக்கொடுத்தது வேறு சாதி என்பார் மச்சான். நல்ல மனிதர். அவர் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை இல்லை. தோட்டத்தில் ஒரு வீடு, அந்தத் துப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான் அவருக்கு.

துப்பாக்கி தோட்டத்தினுடையது. குழல் சின்னது, ஆனால் குறி தப்பாதது. அதற்கேற்ற தோட்டா கடைகளில் வருவது நின்றுபோனது. காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம் அது, கையில் ஒரு தோட்டா அதிகம் இருந்தாலே வம்பு. வெள்ளைக்கார மேனேஜர், அதாவது துரை, போலீஸில் முறையாக எழுதி அனுமதி வாங்கி, சுட்டுப்போட்ட வெறும் கூடுகளிலேயே மறுபடி வெடிமருந்தும் ரவையும், அதாவது ஈயக் குண்டும், அடைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். அதற்கான புத்தகத்தில் அளவெல்லாம் கிரெயினில் இருந்தது. மச்சான் நேராக என்னிடம் வந்தார்.

"மருந்து நிறுக்கிறது உங்களுக்குப் புதுசா மாப்ள? எனக்கும் அதுதான் வேணும்," என்றார்.

வெடிமருந்தும் மருந்துதானே. ஒப்புக்கொண்டேன். ஞாயிறு காலையில் தராசைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துப் போவேன். தோட்டத்து ஸ்டோரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, காற்றில் தட்டு ஆடாமல், ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனியாக நிறுப்பேன். பிறகு தோப்பின் ஓரத்து மண்மேட்டில் காகிதத்தைக் குத்தி வைத்து, ஐம்பது கஜத்தில் இருந்து மச்சான் ஐந்து தோட்டா சுடுவார். முதல் மாதம் ஐந்து ஓட்டையையும் ஒரு பத்துக்காசை வைத்து மறைத்துவிடலாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு நோட்டு வாங்கி, அன்றைய மருந்தின் எடை, ரவையை எவ்வளவு ஆழம் இறக்கினோம், வெயிலா மழையா, மச்சான் உடம்பு எப்படி, எல்லாவற்றையும் தேதி போட்டு எழுத ஆரம்பித்தேன்.

இரண்டாம் மாதம் ஓட்டைகள் விலகத் தொடங்கின. பத்துக்காசு போதவில்லை, பிறகு சாசர் தேவைப்பட்டது, அப்புறம் சாப்பாட்டுத் தட்டுக்குள்கூட அடங்கவில்லை.

மழைக்காலத்து ஈரம் மருந்தில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். புது டப்பா உடைத்தோம். சரியாகவில்லை. எடையைக் கால் கிரெயின் குறைத்துப் பார்த்தேன், அரை கிரெயின் குறைத்துப் பார்த்தேன், பழைய அளவுக்கே திரும்பினேன். ரவையை வேறு கடையில் வாங்கினோம். கூடுகளைச் சோடா போட்டுக் கழுவி, ஒரே எடை உள்ளவற்றைப் பொறுக்கித் தனியாக வைத்தேன். ஒரு ஞாயிறு கொஞ்சம் நன்றாக வரும், கண்டுபிடித்துவிட்டேன் என்று குதிப்பேன். அடுத்த ஞாயிறு அதே அளவு, அதே மருந்து, ஓட்டைகள் திசைக்கொன்றாக இருக்கும். நாலு மாதம் இப்படியே போனது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுகை வரும் எனக்கு. மச்சானுக்கு எப்படி இருந்திருக்கும்?

அணில்கள் தப்பித்தன. உதிர்ந்த காயைக் குவித்துவைத்து, தோட்டத்துக் கங்காணியான மண்டோர் கேலி பேசினான். இந்த மாதமும் இப்படியென்றால் துப்பாக்கியை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று துரை சொல்லிவிட்டார். வேலை போனால் வீடும் போகும். மச்சானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போனது. தலைவலி என்றார், அதுவும் புருவத்துக்கு மேலேயே. வேறு என்ன செய்வேன், இரண்டு மாத்திரை கொடுத்தேன். ஒருநாள் எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றியதும், அதைச் சுற்றி வானவில் மாதிரி கலர் வளையம் தெரிகிறது என்றார். வெடிப்புகை கண்ணில் பட்டிருக்கும், முகம் கழுவிக்கொள்ளுங்கள் என்றேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. ஐந்து சுட்டார். இரண்டு ரவை காகிதத்திலேயே படவில்லை. துப்பாக்கியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"உங்க நிறுவைலதான் கோளாறு மாப்ள. எனக்கு வேற ஒண்ணும் தோணல," என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தராசை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், உன் அண்ணனும் அப்படித்தான் என்று மனைவியிடம் கொட்டினேன். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. இன்று நினைத்தால் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருக்கிறது.

அடுத்த ஞாயிறு வீம்புக்கே போனேன். வழக்கத்தைவிட மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு நிறுத்தேன். அன்றைக்குத் துரையும் வந்து நின்றார். மச்சான் சுட்டார், பழைய கதைதான். துரை துப்பாக்கியை வாங்கி, தரையில் படுத்து, நான் அடைத்த தோட்டாவில் ஐந்தைச் சுட்டார். நான் ஓடிப்போய்க் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஐந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. அதற்குக் காசு வேண்டாம், ஒரு சட்டைப் பொத்தான் போதும்.

அந்த நொடியில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் சிரித்தேன். என் நிறுவை சரி என்று நிரூபணமாகிவிட்டது என்கிற சந்தோஷத்தில், காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துரை எனக்குக் கைகொடுத்தார். அதற்குப் பிறகுதான் மச்சானைப் பார்த்தேன். அவர் காகிதத்தை என்னிடமிருந்து வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாய்த்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, விரலால் ஓட்டைகளைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"அப்ப கோளாறு எங்க இருக்கு மாப்ள?" என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்துவிட்டது. காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் போட்டேன்.

மறுநாள் காலை அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டர் வெகுநேரம் கண்ணைப் பார்த்தார், இமையை மூடச் சொல்லி விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். மச்சான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நாளாக இப்படி என்று டாக்டர் என்னைக் கேட்டார். நோட்டில் தேதி இருக்கிறது என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மருந்தின் எடைக்குக் கீழே என் முத்து முத்தான கையெழுத்து. 'தலைவலி, வெடிமருந்து நெடியாக இருக்கும்.' 'விளக்கைச் சுற்றி வளையமாம், புகை.' 'பக்கத்தில் வைத்த வாளியைத் தட்டிவிட்டார், கவனம் இல்லை.'

டாக்டர் நோட்டை மூடினார். கோபப்படவில்லை.

"இது தோட்டாக் கணக்கில்லை, தம்பி. ஒரு ஆளின்ரை கண் போன கதையை வடிவாய் எழுதி வைச்சிருக்கிறீர்," என்றார்.

கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறுகிற வியாதி. வளையம் தெரிந்த அன்றைக்கே வந்திருந்தால் சொட்டு மருந்து போட்டே கட்டுப்படுத்தியிருக்கலாம் என்றார். அந்தச் சொட்டு மருந்து எது என்று எனக்குத் தெரியும். மாதத்தில் இரண்டு முறை ஒரு சீனத்து அம்மாவுக்கு நானே புட்டியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அறுவை செய்து பார்த்தார்கள். வலது கண் போனது போனதுதான். இடது கண்ணில் நேராக எதிரே உள்ளது மட்டும் கொஞ்சநாள் தெரிந்தது. இரண்டு வருடத்தில் அதுவும் அணைந்தது. தோட்டத்து வீட்டைக் காலி செய்து எங்கள் ஒற்றை அறைக்கு அவரைக் கூட்டி வந்தோம். அணிலைக் கொன்ற பாவம் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். அவர் மறுக்கவில்லை. எந்தப் பாவம் என்று தெரிந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

நான் எழுதி வைத்ததை டாக்டர் அவரிடம் சொல்லவே இல்லை. சாகும்வரை, கோயிலிலும் காப்பிக் கடையிலும் யாரைக் கண்டாலும் மச்சான் ஒன்றைச் சொல்வார்.

"எனக்குக் கண்ணுலதான் சீக்குன்னு மொதல்ல கண்டுபிடிச்சது என் மாப்ளதான் லா. அவர் இல்லன்னா இந்தக் கொஞ்ச நாள் வெளிச்சமும் கெடைச்சிருக்காது," என்பார்.

பக்கத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இல்லை மச்சான் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் என்னைத் திட்டியது அந்த ஒருநாள்தான், அது எப்போதோ ஆறிவிட்டது. அவர் சொன்ன நன்றிதான் இத்தனை வருடமாகியும் ஆற மாட்டேன் என்கிறது.