ஹெஸ்டரின் நூல் எது

பொர்த்கெனிக் துறைமுகத்தில் டோர்காஸ் கையால் மசித்த உருளைக்கிழங்கைத் தின்னாமல் வளர்ந்த பிள்ளை கிடையாது. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருபத்தேழு வருஷம் நின்றவள். அவள் ஒரு சூனியக்காரி என்பதும் ஊருக்குத் தெரியும். புத்தகம் படித்தவர்கள் அதற்கு விக்கா என்று பேர் சொல்வார்கள். ஊரில் "ஹெஸ்டர் வீட்டுக் கூட்டம்" என்றால் போதும். இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் மீன்காரர்களும் சுரங்கக்காரர்களும் பார்க்காத விசித்திரமா? மழை நிற்கவேண்டும் என்றால் பாதிரியாரிடம் ஒரு வார்த்தை, ஹெஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார்கள். எது பலித்தாலும் சரிதான்.

டோர்காஸ் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது பக்தியால் இல்லை. கேள்வி கேட்காமல் இருக்க முடியாத பிறவி அவள். ஹெஸ்டர் தபாலாபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பாள், கழுத்தில் ஒரு வெள்ளி வளையம், அதற்குள் நட்சத்திரம்.

"அது என்ன?" என்று கேட்டாள் டோர்காஸ்.

"நட்சத்திரம்."

"எதுக்கு?"

"அஞ்சு முனை இருக்கு, எண்ணிப் பாத்துக்கோ. ஸ்டாம்ப் எத்தனை வேணும்?"

இப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படித் தூங்குவாள்? மறுநாளும் வந்தாள். வாரத்துக்கு மூன்று தடவை வந்தாள். கடிதம் எழுத ஆளே இல்லாதவள் வீட்டில் மேசை இழுப்பறை நிறையத் தபால்தலை சேர்ந்துவிட்டது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்த ஹெஸ்டர், "ஸ்டாம்ப்பை வீணாக்காதே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள். அது அறுபத்தாறாம் வருஷம். டோர்காஸுக்கு முப்பத்தைந்து வயது.

சேர்ந்தால் மட்டும் விளங்கிவிட்டதா? துடைப்பம் எதற்கு என்றால், "கூட்டுறதுக்கு." உப்பும் தண்ணீரும் எதற்கு என்றால், "நாக்குல வெச்சுப் பாரு." கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று மேசையில் எப்போதும் இருக்கும். அதனால் எதையும் வெட்டக்கூடாது, காற்றில் வட்டம் போடத்தான். அதை டோர்காஸிடம் யாரும் சொல்லிவைக்கவில்லை. சமையல்காரியின் கை சும்மா இருக்குமா? முதல் வருஷ அறுவடை நாளில் எல்லாரும் பசியோடு உட்கார்ந்திருக்க, அவள் அந்தக் கத்தியை எடுத்து ரொட்டியைத் துண்டு துண்டாக அறுத்து, வெண்ணெயும் தடவிவிட்டாள். ஹெஸ்டர் ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. கவுண்டரில் ஸ்டாம்ப்பை மட்டும் நகர்த்திவிடுவாள். எதையும் வெட்டாத கத்தியைப் போய் எதற்கு அவ்வளவு கூராகத் தீட்டி வைத்திருந்தாள் என்பது டோர்காஸுக்கு இன்றுவரை புரியவில்லை.

பிறகு நூல். கூட்டத்தில் சேருகிறவர்களுக்கு நூல் அளப்பது வழக்கம். குதிகாலிலிருந்து உச்சிவரை சிவப்பு நூலைப் பிடித்து அறுப்பார்கள். அதே நூலைத் தலையைச் சுற்றிப் பிடித்து ஒரு முடிச்சு, நெஞ்சைச் சுற்றி ஒரு முடிச்சு, இடுப்பைச் சுற்றி ஒரு முடிச்சு. அது தலைவியிடம் இருக்கும். கூட்டத்தை விட்டுப் போனால் கையில் கொடுத்துவிடுவார்கள். செத்துப்போனால் அவரவர் நூல் அவரவரோடு பெட்டிக்குள் போகவேண்டும். அது ஒன்றில்தான் ஹெஸ்டர் கறாராக இருந்தாள். என்ன அர்த்தம் என்று டோர்காஸ் கேட்டதற்கு, நூலை வாயில் நனைத்து, முனையை இரண்டு தரம் சுற்றி இழுத்து முடிச்சை இறுக்கினாள். "ஆடாம நில்லு பொண்ணே" என்றாள், அவ்வளவுதான்.

முப்பத்தொரு வருஷம் அப்படிப் போயிற்று. தொண்ணூற்றேழாம் வருஷம் அக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை தேநீர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஹெஸ்டர் எழுந்திருக்கவில்லை. வயது எண்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம்.

புதன்கிழமை ஹெஸ்டர் வீட்டு அடுப்படியில் மூன்று பேர் கூடினார்கள். டோர்காஸ், பன்னிக்கறிக் கடைக்காரனின் விதவை ஐவி, அப்புறம் மேல்நிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லித்தரும் கிறிஸ்பின். கூட்டத்தில் மிச்சம் இரண்டு பேர், மேட்டுப் பண்ணை அக்கா தங்கச்சி, பால் கறக்கிற நேரமாதலால் வரவில்லை. அலமாரியிலிருந்து தகர டப்பாவை எடுத்துத் திறந்தால் உள்ளே ஆறு நூல் சுருள். ஆறும் சிவப்பு. ஒன்றிலாவது பேர் இல்லை.

"பேரு எழுதி ஒரு சீட்டுக் கட்டியிருக்கக்கூடாதா இவ?" என்றாள் ஐவி. "நாப்பது வருஷம் தபால்ல முகவரி சரியில்லைன்னு ஊரையே திட்டினவ."

"அவளுக்குத் தொட்டாலே தெரியும்" என்றாள் டோர்காஸ்.

"அவளுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்? இப்ப அவ அங்கல்ல படுத்திருக்கா."

கிறிஸ்பின் ஒரு சுருளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். "சிவப்புங்கறது ரத்தம். உயிரோட்டம். சில பேரு இதைத் தொப்புள்கொடின்னும் சொல்றாங்க. கூட்டம்தான் தாய், நாம குழந்தைங்க."

"எங்க அம்மா வேற மாதிரி சொன்னா" என்றாள் ஐவி. "இது பிணை. ஒருத்தி காட்டிக்கொடுத்தா அவ நூலை எடுத்து ஈரமண்ணுல புதைச்சிடுவாங்க. நூலு மக்க மக்க ஆளும் மக்கிப்போவாளாம்."

"அது பழைய காலத்து பயமுறுத்தல், ஐவி."

"பயந்தவங்க யாரும் காட்டிக்கொடுக்கலையே, தம்பி."

டோர்காஸுக்கு இரண்டுமே ருசியாக இருந்தன. ஆனால் தொப்புள்கொடி என்றால் எதற்கு உயரத்துக்கு அளக்கவேண்டும்? பிணை என்றால் எதற்கு மூன்று முடிச்சு? கேட்டாள். கிறிஸ்பின் இரண்டு புத்தகம் சொன்னான், இரண்டிலும் வேறு வேறு காரணம். அது கிடக்கட்டும், ஹெஸ்டருடைய நூல் எது என்பதுதான் அப்போது கவலை. அது இல்லாமல் அவளைப் புதைத்தால் அவள் காலமெல்லாம் பிடித்துவைத்த ஒரே பிடிவாதத்தைச் செத்த பிறகு மீறியதாகிவிடும்.

"அளந்து பாத்துடலாமே" என்றான் கிறிஸ்பின். "நூல்ங்கறதே அளவுதானே."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. சவப்பெட்டி செய்கிற கிட்டோவின் பட்டறையில்தான் ஹெஸ்டர் கிடந்தாள்; அவரிடம் போய் அவள் உயரத்தைக் கேட்டார்கள். அவர் மெதடிஸ்ட் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைத் தட்டு பிடிப்பவர். காதிலிருந்த பென்சிலை எடுத்து நோட்டுப் புத்தகத்தைத் தட்டி, "அஞ்சடி ஒரு அங்குலம்" என்றார். ஆறு நூலையும் மேசையில் நீட்டினார்கள். ஒன்று அச்சாக அஞ்சடி ஒரு அங்குலம். மற்றது எதுவும் கிட்டேகூட வரவில்லை. டோர்காஸ் அதை எடுத்து ஹெஸ்டரின் வலதுகை விரல்களில் சுற்றிவிட்டாள். நிம்மதியாக மூவரும் போய் இறைச்சி அடைத்த பாஸ்டி அப்பம் தின்றார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி ஐவி வீட்டில் மிச்சம் ஐந்து நூலையும் அவரவருக்குப் பிரித்துக்கொடுக்க உட்கார்ந்தார்கள். மேட்டுப் பண்ணைக்காரிகளும் வந்திருந்தார்கள். கிறிஸ்பின் ஒட்டகம்போல் உயரம், அவனுடையதைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஐவிக்கு இடுப்பு முடிச்சு காட்டிக்கொடுத்தது.

"இது ரெண்டு பேரோட இடுப்பு இல்லையே?" என்றாள் பண்ணைக்காரிகளில் மூத்தவள்.

"கறிக்கடைக்காரனுக்கு வாக்கப்பட்டுப் பாரு, தெரியும்" என்றாள் ஐவி.

அக்கா தங்கச்சி தங்களுக்குள் ஒரு சண்டை போட்டு எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக ஒன்று டோர்காஸுக்கு மிஞ்சியது. கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள். ஐவி நூலைக் குதிகாலில் மிதித்து மேலே இழுத்தாள். உச்சிக்கு மேலே நாலு அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது.

"நீ சுருங்கிட்டேடி" என்றாள் ஐவி.

"ஈரத்துல நூல் நீளும்" என்றான் கிறிஸ்பின்.

டோர்காஸ் நூலை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். தலை முடிச்சைத் தலையில் சுற்றிப் பார்த்தாள். தொப்பி பெரிதாய்ப் போனமாதிரி காதுக்கு இறங்கியது. அறுபத்தாறு வயதில் உயரம் குறையலாம். தலையுமா குறையும்?

அப்புறம்தான் முடிச்சைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "எல்லாரும் உங்க நூலை இப்படிக் கொண்டாங்க" என்றாள். நான்கு நூலும் மடிக்கு வந்தன. நான்கிலும் முடிச்சு ஒரே மாதிரி, இரண்டு சுற்று, கடுகுமாதிரி இறுகியது. ஹெஸ்டரின் அப்பா மீன் வலை பின்னியவர், அவர் போடுகிற முடிச்சு அது. டோர்காஸ் கையிலிருந்த ஐந்தாவது நூலில் மட்டும் முடிச்சு தொளதொளவென்று, குழந்தை போட்ட ஷூ லேஸ் மாதிரி கிடந்தது.

"இது ஹெஸ்டர் போட்டதில்லை" என்றாள்.

"எல்லாருக்கும் அளந்தது அவதானே?" என்றான் கிறிஸ்பின்.

"எல்லாருக்கும் அளந்தா. அவளுக்கு அவளே எப்படி அளந்துக்குவா? தலையைச் சுத்தி முடிச்சு வேற ஒருத்தர்தானே போடணும்."

ஐவி மெதுவாகச் சொன்னாள்: "ஆமாம். அந்த டீச்சரம்மா. ஹாம்ப்ஷயர்லருந்து வந்து கொஞ்ச நாள் இருந்தாளே, அவதான் ஹெஸ்டரைச் சேத்துவிட்டா. ஒரு பொத்தான்கூட தைக்கத் தெரியாது அவளுக்கு."

"அப்ப ஹெஸ்டர் கையில இருக்கறது?" என்றான் கிறிஸ்பின்.

ஐந்து பேருக்கும் தெரிந்துவிட்டது. டோர்காஸின் அளவு இப்போது ஹெஸ்டரின் விரலில் இருக்கிறது. நாளைக்குப் பதினோரு மணிக்கு அது ஈரமண்ணுக்குள் போகும்.

"உசிரோட இருக்கறவ நூல் உள்ள போனா என்ன ஆகும்?" என்று கேட்டாள் பண்ணைத் தங்கச்சி.

"தெரியாது" என்றான் கிறிஸ்பின். "எந்தப் புத்தகத்துலயும் இல்லை. இப்படி யாரும் செஞ்சதில்லை போல."

"எங்க அம்மா சொன்னதை நான் மறுபடி சொல்ல மாட்டேன்" என்றாள் ஐவி. அதுவே சொன்னமாதிரிதான்.

டோர்காஸுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிட அதிகமாக, என்னதான் ஆகும் என்று தெரிந்துகொள்ளவும் ஆசையாயிருந்தது, அதுதான் அவள் புத்தி. அந்த ஆசைக்காக ஹெஸ்டரை இன்னொருத்தி நூலோடு அனுப்ப முடியுமா? முடியாது.

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்குக் கிட்டோவின் பட்டறை வாசலில் நின்றாள். உள்ளே பெட்டி மூடி, எட்டு திருகாணியும் இறங்கியிருந்தது.

"திறக்கணும், மிஸ்டர் கிட்டோ."

"மூடியாச்சும்மா. மூடினப்புறம் சொந்தக்காரங்க சொன்னாத்தான் திறப்பேன். அதான் முறை."

"சொந்தம்னு ஒரே ஒரு அக்கா மகள். அவ கனடாவுல தூங்கிட்டிருப்பா."

"அப்ப எழுப்புங்க."

"எழுப்பி என்னன்னு சொல்ல? தப்பான நூலைப் போட்டுட்டோம்னா? போனை வெச்சுடுவா."

கிட்டோ இழைப்புளியைத் துடைத்துக்கொண்டே, "உங்க சமாச்சாரத்துல நான் தலையிடறதில்லை. புதன்கிழமை நீங்க நூலைச் சுத்தினப்பகூட நான் வாயைத் திறக்கலை" என்றார்.

"நீங்க சொன்ன அளவை வெச்சுத்தானே சுத்தினேன். அஞ்சடி ஒரு அங்குலம்னு சொன்னீங்க. ஹெஸ்டர் நூல் அஞ்சடி நாலு."

"என் அளவு தப்பாகாது" என்றார் அவர், சுருக்கென்று. "அவங்க நூல் கட்டினப்ப என்ன வயசு? முப்பது? எண்பத்திரண்டுல யாரு அப்படியே இருப்பாங்க? முதுகு இறங்கும், முழங்கால் மடங்கும். எல்லாரும் குறைஞ்சுதான் என்கிட்ட வர்றாங்க. இதையும் ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"கேக்காம விட்டது என் தப்புதான்." டோர்காஸ் வாழ்நாளில் அப்படிச் சொன்னது இரண்டாவது தடவை. "ஒண்ணு சொல்லுங்க. மூடி மேல பித்தளைத் தகட்டுல வேற ஒருத்தர் பேரைத் தப்பா அடிச்சு மாட்டிட்டீங்க. இப்பத்தான் பாக்குறீங்க. பதினோரு மணிக்கு அடக்கம். கனடாவுக்குப் போன் போடுவீங்களா?"

கிட்டோ அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "நான் பேரைத் தப்பா அடிச்சதில்லை" என்று முணுமுணுத்தார். ஆனால் கை திருப்புளியைத் தேடிப் போயிற்று.

எட்டு திருகாணி. மூடியைத் தூக்கியதும் ஹெஸ்டர், கவுண்டரில் யாரோ தப்பான படிவத்தை நீட்டினமாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு படுத்திருந்தாள். சில்லிட்ட விரல்கள் நூலை லேசில் விடவில்லை. டோர்காஸ் ஒவ்வொரு சுற்றாகப் பொறுமையாகப் பிரித்தாள். பிறகு தொளதொள முடிச்சு நூலை அதே விரல்களில் சுற்றினாள்.

கிட்டோ கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். இத்தனை வருஷம் கேட்காத மனிதர். "அந்த மூணு முடிச்சு எதுக்கு?"

"தலை, நெஞ்சு, இடுப்பு."

"அவ்வளவுதானா?"

"வேற என்னன்னு முப்பத்தொரு வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

அவர் யோசித்தார். "தோளை விட்டுட்டீங்களே. எனக்குத் தோள் இல்லாம பெட்டி அடிக்க முடியாது."

"பெட்டிக்குத்தான் தோள் வேணும்."

"இருக்கலாம்" என்றார் கிட்டோ. திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கினார், இந்த முறை இன்னும் மெதுவாக.

டோர்காஸ் தன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சேர்ந்த அன்றைக்குப் பிறகு அதை அவள் உடம்போடு வைத்துப் பார்த்ததே இல்லை. பட்டறைக் கதவில் முதுகை ஒட்டி நின்று, ஒரு முனையைக் குதிகாலால் மிதித்தாள். "மேல் முனையைக் கொஞ்சம் பிடியுங்க, மிஸ்டர் கிட்டோ."

அவர் பிடித்து, அவள் உச்சியில் உள்ளங்கையை வைத்து, நூல் எங்கே முடிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"ஒரு அங்குலம் குறைஞ்சிருக்கீங்க" என்றார். பழக்கதோஷத்தில் இன்னொரு கை காதிலிருந்த பென்சிலுக்குப் போயிற்று.

"அதை எழுத வேண்டாம்" என்றாள் டோர்காஸ்.