அனுமதிக்காகக் காத்திருந்த வீடியோ

ஓசூர்க்காரர்களுக்கான ஒரு ஆன்லைன் குழுவில் நான் அட்மின். வாடகை வீடு, கம்பெனி வேலை, பழைய வண்டி, காணாமல் போன நாய், எந்த ரோட்டில் டிராஃபிக் என்பதெல்லாம் அதில் வரும். ஒரே போஸ்ட்டின் கீழே ஒருவர் தமிழில் கேட்பார், ஒருவர் கன்னடத்தில் பதில் சொல்வார், தெலுங்கை ஆங்கில எழுத்தில் தட்டி இன்னொருவர் சண்டைக்கு வருவார். யார் எதைப் போட்டாலும் அது நேராகக் குழுவுக்குப் போய்விடாது. எங்களிடம் வந்து அனுமதிக்காக நிற்கும். நானோ இன்னொரு அட்மினோ சரி என்று அழுத்தினால்தான் மற்றவர்கள் கண்ணில் படும்.

அந்த இன்னொரு அட்மின் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை சார் என்பார். நேரில் அதிகம் பார்த்ததில்லை, எல்லாம் போனில்தான். சாதியைச் சொல்லித் திட்டினால் எடுத்துவிடுவோம். மொழிச் சண்டை முற்றினால் எடுத்துவிடுவோம். ஒரு பெண்ணின் படத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டால் போட்டவரையே வெளியேற்றுவோம். நியாயமாக நடத்துகிறோம் என்று எங்களைப் பற்றி எங்களுக்கே ஒரு பெருமை இருந்தது.

குடிகாரர்களின் வீடியோவுக்கு மட்டும் எந்த விதியும் வைக்கவில்லை. அது அடிக்கடி வரும். ஒருவர் டிராஃபிக் போலீசுக்கு சல்யூட் அடித்தபடியே சாய்வார். ஒருவர் மூடிய கடையின் ஷட்டரைத் தட்டி, தன் மாமியாரிடம் பேசுவதுபோல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார். குழுவில் வேறு எதற்கும் அவ்வளவு சிரிப்பு விழாது. நானும் சிரித்துவிட்டுத்தான் அனுமதிப்பேன். பொது இடத்தில் நடந்ததுதானே, யாரையும் திட்டவில்லையே என்று ஒரு சமாதானம்.

நான் வேலை செய்வது தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். ஒருநாள் காலை டீ பிரேக்கில், காத்திருக்கும் போஸ்ட்டுகளைப் பார்க்கப் போனைத் திறந்தேன். 'பஸ் ஸ்டாண்ட் டான்சர்' என்று தலைப்புப் போட்ட வீடியோ ஒன்று இருந்தது. வழக்கமானதுதான் என்று ஓடவிட்டேன்.

ஆடிக்கொண்டிருந்தது என் அண்ணன்.

அண்ணன் பர்கூரில் கிரானைட் குவாரியில் வேலை செய்தவர். தூசி நெஞ்சில் இறங்கி இருமல் நிற்காமல் போனதும் வேலையை விட்டார். அதன் பிறகு குடி கூடியது. அன்று என் வீட்டுக்காக ஒரு பை நிறைய மாம்பழம் எடுத்துக்கொண்டு ஓசூருக்கு வந்திருக்கிறார். வழியில் எங்கேயோ குடித்திருக்கிறார். வீடியோவில் பை கிழிந்து பழங்கள் பஸ்களுக்கு அடியில் உருளுகின்றன. இவர் அவிழும் லுங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவற்றைத் துரத்துகிறார். பிடித்த பழத்தை ஒரு பெங்களூர் பஸ் கண்டக்டரிடம் நீட்டி, 'தகொள்ளி சார், தகொள்ளி' என்று கன்னடத்தில் உபசரிக்கிறார். பிறகு ஒரு ஆட்டம், பிறகு மறுபடி பழம். போனைப் பிடித்திருந்தவனின் சிரிப்பு காதை அடைத்தது. அண்ணன் போட்டிருந்தது நான் கொடுத்த பழைய கம்பெனி சட்டை.

உடனே நிராகரித்தேன். வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணன் அங்கே வரவில்லை என்றாள் மனைவி. ஏன் கேட்கிறாய் என்றாள், சும்மா என்றேன். அதற்குள் பிரேக் முடிந்து லைனுக்குப் போக வேண்டியிருந்தது. போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போனேன்.

மதியம் கேன்டீனுக்குள் நுழைந்தபோது எங்கள் மேஜையில் அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. வீடியோவைப் போட்டவன் நான் நிராகரித்ததும் மறுபடி அனுப்பியிருக்கிறான். நான் மறுத்தது தெரியாமல் மேடம் அனுமதித்துவிட்டார்.

"இங்க பாருங்க, நம்ம கம்பெனி சட்ட போட்டுனு ஆட்றான்" என்று என் பக்கம் போனைத் திருப்பினார் கூட வேலை செய்கிறவர். "யாரு இவன்? கான்ட்ராக்ட் ஆளா?"

"இருப்பான்" என்றேன்.

இருப்பார் என்றுகூட வாயில் வரவில்லை. அண்ணனை நான் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து மேடத்துக்குப் போன் செய்தேன்.

"அந்த பஸ் ஸ்டாண்ட் வீடியோவ எடுத்துடலாம் மேடம். கம்பெனி சட்ட தெரியுது. பிரச்சனையாகும்."

"கம்பெனி பேரு ஒண்ணும் தெளிவா இல்லையே சார்."

"இல்ல, குடிச்சவங்கள போடறது நல்லா இல்ல."

"ஷட்டர தட்டுனவர நீங்கதானே போட்டீங்க? இன்னைக்கு மட்டும் என்ன சார்? போட்டவன் ஏற்கெனவே கேக்கறான், மொதல்ல ஏன் மறுத்தீங்க, ஆளுக்கு ஒரு ரூலான்னு."

ஆடுகிறவர் என் அண்ணன் என்று சொல்லியிருந்தால் மேடம் அந்த நிமிடமே எடுத்திருப்பார். நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் வந்தது அண்ணன் மகளின் போன். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிறாள்.

"சித்தப்பா, அந்த குரூப்புக்கு நீங்கதானே அட்மின்?"

"ஆமாம்மா."

"எங்க கிளாஸ்ல பாத்துனு இருக்காங்க. எங்கப்பான்னு யாருக்கும் இன்னும் தெரியல. தெரியறதுக்குள்ள எடுத்துடுங்க."

"அப்படியா? நான் இன்னும் பாக்கவே இல்லம்மா. இரு, பாக்கறேன்."

"சரி சித்தப்பா" என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்தக் குரலில் இருந்தது. அப்பா எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். பஸ் ஏற்றி யாரோ அனுப்பிவிட்டார்கள், வீட்டில் படுத்திருக்கிறார் என்றாள்.

வீடியோவை நீக்கினேன். சற்று நேரத்தில் மேடம் கூப்பிட்டார். கேட்காமல் ஏன் எடுத்தீர்கள் என்று கோபமாகத்தான் ஆரம்பித்தார். குறுக்கிட்டு, "அது எங்கண்ணன் மேடம்" என்றேன்.

அவர் அதிர்ந்துபோனார். "ஐயோ, சார். நான்தானே போட்டேன். மொதல்லயே ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்ல வாய் வரல."

பிறகு அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஷட்டர் வீடியோ வந்தப்ப ஒரு லேடி நமக்கு மெசேஜ் போட்டாங்களே, ஞாபகம் இருக்குதா? அவரு வீட்டுக்காரம்மா. நீங்கதான் பதில் போட்டீங்க."

எனக்கு ஞாபகம் இல்லை. தேடிப் பார்த்தேன், இருந்தது. 'அண்ணா, அது எங்க வீட்டுக்காரர். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போக மாட்டேங்குதுங்க. தயவு செஞ்சு எடுத்துடுங்க' என்று எழுதியிருந்தார். 'பொது இடத்தில் எடுக்கப்பட்டது என்பதால் இது குழு விதிகளுக்கு எதிரானது அல்ல' என்று நான் பதில் போட்டிருந்தேன். பிழையில்லாத தமிழ். எழுதும்போது எனக்கு ஒன்றுமே தோன்றியிருக்காது. அதை அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன்.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். மேடம் அவர் பக்கம் எடுத்தார். போதையில் இருப்பவர்களின் படமோ வீடியோவோ இனி கிடையாது என்று விதி போட்டோம். குழுவில் கொந்தளித்தார்கள். அட்மின்களே குடிகாரர்களா என்று ஒருவன் கேட்டான். சிலர் பிரிந்துபோய் வேறு குழு ஆரம்பித்தார்கள். அதில் அண்ணனின் வீடியோ பாட்டுச் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. அதை நீக்கும் அதிகாரம் எனக்கு இல்லை. அந்தக் குழுவின் அட்மினுக்கு, எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சி ஒரு மெசேஜ் போட்டேன். பதில் வரவில்லை. ஷட்டர்காரரின் மனைவிக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பார்த்துவிட்டார் என்று காட்டியது. அவரும் பதில் போடவில்லை. அவர் ஏன் போட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை பர்கூருக்குப் போனேன். அண்ணன் தெளிவாக, குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே பேசினார்.

"டீக்கடையில காட்னாங்க. பழம் எல்லாம் வீணாப் போச்சுடா."

"விடுங்கண்ணா."

"உங்க கம்பெனி ஆளுங்க பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"எங்கண்ணன்னு சொன்னியா?"

நான் தரையைப் பார்த்தேன். "இல்லண்ணா."

"நல்லதாப் போச்சு" என்றார். அதில் குத்தல் எதுவும் இல்லை. உண்மையாகவே நிம்மதியாகத்தான் சொன்னார். "சொல்லாத. நீ அங்க நாலு பேரு நடுவுல வேல செய்யற."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணன் மகள் சாப்பாடு போட்டாள். குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டதோடு சரி, வேறு எதுவும் பேசவில்லை. கிளாஸில் தெரிந்துவிட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மாதங்கள் ஆகிவிட்டன. கேன்டீனில் யாராவது தடுமாறி நடந்தால், "என்னா, டான்சர் ஆயிட்டியா?" என்று இன்னமும் கேலி செய்கிறார்கள். இன்று சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அது போகட்டும் என்று நானும் தட்டில் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.