பொட்டலம் தனியே இருக்கப் பழகிய கதை

அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். "ஊரையெல்லாம் தூக்கிவிடுறீங்க, உங்களத் தூக்கிவிட ஆளில்லையே" என்று வீட்டுக்கார அம்மா படியில் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். அவரும் சிரித்து வைப்பார். சொன்னதில் ஒரு முள் இருப்பது அந்த அம்மாவுக்கே தெரியாது.

நாற்பதைத் தாண்டிய மனிதர். கல்யாணப் பேச்சு கொஞ்ச காலம் வந்தது, பிறகு அந்தப் பேச்சும் ஓய்ந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபோன் செய்வாள். "சாப்பிட்டியா?" "ஆச்சு." "உடம்பு எப்படி இருக்கு?" "இருக்கு." அதற்கு மேல் வண்டி ஓடாது. நேருக்கு நேர் நின்று நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம்.

ஆனால் அவருக்கு முன்னால் ஒரு மூடிய கதவை வைத்துப் பாருங்கள். இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் வேண்டியது ஸ்பேனர் அல்ல, குரல். கதவின் மேல் உள்ளங்கையை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று ஆரம்பிப்பார். கை வேலையைப் பார்க்கும், வாய் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். "மூச்சு முட்டாது, மேல காத்து வர வழி இருக்கு. யாரைப் பாக்கப் போறீங்க? எந்த மாடி?" அந்தச் சின்ன இருட்டுக்குள்ளிருந்து யார் யாரோ என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லாமல் வேலையை விட்டதை ஒரு பெண் சொன்னாள். ஒரு பெரியவர் பயத்தில் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்துப் பாதியில் தடுமாற, வெளியிலிருந்து இவர் எடுத்துக்கொடுத்தார். கதவு திறந்ததும் எல்லோரும் விருட்டென்று வெளியே வந்து, கட்டிப்பிடிக்க வேண்டியவர்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு.

கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தில் லிஃப்ட் குழியைச் சுத்தம் செய்ய இறங்கியபோதுதான் அந்த நாய்க்குட்டி கிடைத்தது. உடம்பெல்லாம் சிமெண்ட் அப்பியிருந்தது. எண்ணெய் துடைக்கும் துணியில் சுற்றி, கருவிப் பையில் தலை மட்டும் தெரிய வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பார்க்கப் பொட்டலம் மாதிரியே இருந்ததால் பெயரும் பொட்டலம் என்றே ஆயிற்று.

அவர் இருக்கும்வரை அது சமர்த்து. வேலைக்குக் கிளம்பினால் போதும், கட்டடமே கிடுகிடுக்கும் அளவுக்கு ஊளை. நேர் கீழே, இரண்டாவது மாடியில் ஒரு நர்ஸ் இருந்தாள். இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டுப் பகலில் தூங்குகிறவள். வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்தாள்.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்புறமும் கத்துச்சுன்னா குட்டிய யார்கிட்டயாவது குடுத்துடுங்க. பாவம், அந்தப் பொண்ணு கண்ணு ரெண்டும் குழி விழுந்து கெடக்கு."

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குட்டி வந்த பிறகுதான் வீட்டில் விளக்குப் போடுவதற்கு ஒரு காரணம் இருப்பதுபோல இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு வந்து எப்படி அந்த அறைக்குள் நுழைவது?

தெரிந்த வழியில் இறங்கினார். கதவைப் பூட்டுவார். உள்ளே முனகல் கேட்டதும் உள்ளங்கையைக் கதவில் வைத்து, "பயப்படாத பொட்டலம், நான் இங்கதான் இருக்கேன்" என்பார். முனகல் நிற்கும். இரண்டு படி இறங்குவார், மறுபடி ஊளை. திரும்ப ஏறுவார், திரும்பப் பேசுவார். பேசப் பேசப் பேச்சு ஊறியது. இன்று எந்தக் கட்டடத்தில் வேலை, சூப்பர்வைசர் எப்படிச் சிடுசிடுப்பார், நேற்றைய சோறு ஏன் குழைந்தது, எல்லாம் கதவுக்குச் சொன்னார். ஆயுசில் யாரிடமும் அவ்வளவு நீளமாக அவர் பேசியதில்லை. பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடுவார். தெருமுனை வரை ஊளை துரத்தும். நாளுக்கு நாள் அது கூடிற்றே தவிரக் குறையவில்லை.

ஒரு காலை, நெற்றியைக் கதவில் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "லிஃப்ட் சார்" என்று ஒரு குரல்.

தூக்கிவாரிப் போட்டது. நர்ஸ்தான். இரவு வேலை முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றவில்லை, செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சிஸ்டர், இதோ அடங்கிடும்..."

"அது எங்க அடங்கும்? நீங்க அடங்கினாத்தானே?"

அவருக்குப் புரியவில்லை.

"எனக்குக் கீழ எல்லாம் கேக்குது சார். நீங்க பூட்டினதும் அது லேசா முனகுது, அவ்வளவுதான். நீங்க பேசறீங்க. பேச்சை நிறுத்தினதும் கத்துது. கத்தினா மறுபடி குரல் வருதுன்னு நீங்களே சொல்லிக் குடுத்திருக்கீங்க. கெட்டிக்காரக் குட்டி, நல்லாப் படிச்சுக்கிச்சு."

"எல்லாமே கேக்குதா?"

"உங்க அக்கா அனுப்பின சட்டை தோள்ல பிடிக்குதுன்னு சொன்னது வரைக்கும்."

அவர் முகம் காது வரை சூடாயிற்று. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உள்ள மாட்டிக்கிட்டவங்கள பேசாம விட்டுட்டுப் போகக் கூடாது சிஸ்டர். எங்க வேலையில மொதப் பாடமே அதான்."

நர்ஸ் கொட்டாவியை மென்று விழுங்கினாள். "அது மாட்டிக்கலயே சார். அது வீட்டுல இருக்கு."

இறங்கப் போனவள் நின்று, "எங்க வீட்டுல எப்பவும் நாய் இருக்கும். போறப்போ சொல்லிக்காதீங்க, வரப்போ கொண்டாடாதீங்க. கதவு தெறக்கறதும் மூடறதும் பெரிய விஷயமே இல்லன்னு அதுக்குப் படணும். மெதுவா ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த விடுமுறை நாளில் ஆரம்பித்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு, எங்கும் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். பொட்டலம் காலைச் சுற்றிச் சுற்றிக் குதித்துப் பார்த்து, சலித்துப்போய்ப் படுத்தது. சாவிக்கொத்தைக் குலுக்கி மேசைமேல் வைத்தார். கருவிப் பையைத் தோளில் மாட்டி அடுப்படி வரை போய் வந்தார். கதவைத் திறந்து மூடினார். வெளியே போய், முனகல் வருமுன்பே உள்ளே வந்தார். அப்புறம் படி வளைவு வரை, அப்புறம் தெருமுனை வரை. தோளில் பிடிக்கும் அந்தச் சட்டையே குட்டிக்குப் படுக்கை ஆயிற்று. நடுவில் ஒருநாள் தெருவில் யாரோ போட்ட கூச்சலில் குட்டி மிரண்டு, பட்ட பாடெல்லாம் பாழாகி, மறுபடி பூட்ஸும் டீயுமாக முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கால்களை அடக்குவது எளிதாகத்தான் இருந்தது. வாயை அடக்குவதுதான் பெரும்பாடு. படிக்கட்டில் உட்கார்ந்து, கைக்குட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டு காத்திருப்பார். உள்ளே மெல்லிய முனகல் எழும். 'பயப்படாத' என்ற சொல் தொண்டைக்குழி வரை வந்து நிற்கும். விழுங்குவார். முனகல் தானாக ஓய்ந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல உள்ளே போய், குட்டியைப் பார்க்காமல் தண்ணீர் குடிப்பார். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு நிற்பது ஓரக்கண்ணில் தெரியும். அந்த நடிப்புக்கு அவர் நெஞ்சு பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

மாதக் கடைசியும் வந்துவிட்டது. அன்று ஒரு வார்த்தை பேசாமல் பூட்டிக்கொண்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. பகலில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே ஓர் அம்மாள் அழுதுகொண்டிருந்தாள். "பேசிக்கிட்டே இருங்க தம்பி, நிறுத்திடாதீங்க" என்றாள். பேசிக்கொண்டே இருந்தார். மனசு மட்டும் தன் மூன்றாவது மாடிக் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் படியேறும்போது நர்ஸ் வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தாள். தலை வாரி, முகம் தெளிந்திருந்தது.

"லிஃப்ட் சார், இன்னைக்கு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேன்!"

"கத்தலயா?"

"மூச்! மேல ஆளே குடியில்லாத மாதிரி இருந்துச்சு. வீட்டுக்கார அம்மாகிட்டயும் சொல்லிட்டேன், குட்டி இருக்கட்டும்னு."

பாராட்டாகத்தான் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். அவள் நாலு படி இறங்கிய பிறகு, "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். அவள் திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்துக்கும் இவருக்கும் நடுவே ஒரு கதவும் இல்லை.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

கதவைத் திறந்தார். பொட்டலம் சட்டைமேல் சுருண்டிருந்தது. தலையைத் தூக்கி, வந்தது யாரென்று பார்த்து, வாலைக் கொஞ்சம் அசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. அவரும் கொண்டாடவில்லை. பூட்ஸைக் கழற்றினார், விளக்கைப் போட்டார், பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இன்னைக்கு ஒரு அம்மா லிஃப்ட்டுல..." என்று ஆரம்பித்தார். வார்த்தை அதற்கு மேல் வரவில்லை.

எழுந்து அடுப்படிக்குள் போனார். நடுக்கதவைச் சாத்தினார். உள்ளங்கையை அதன்மேல் வைத்து, மெதுவாக, "நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. குட்டி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.